குதிரை லாயத்தில் ஒரு சட்டப் புத்தகம்

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் மகள் ஓர் ஆங்கிலக் குறுநாவலைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "அப்பா, குதிரை லாயத்துல வேலை செய்யற ஒருத்தருக்கு எதுக்குச் சட்டப் புத்தகம்?" என்று கேட்டாள்.

நான் வழக்கறிஞர். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சட்டப் புத்தகம்தான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அந்தக் கதையைப் படித்திருக்கிறேன். சோகமான கதை என்பது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. மகள் தூங்கப் போன பிறகு புத்தகத்தை எடுத்தேன். ஒரே இரவில் படித்து முடித்துவிடலாம், அவ்வளவு சிறிய புத்தகம். படித்து முடித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்தப் புத்தகத்தைப் படித்தால் தூக்கம் வராது. அதனால்தான் இதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1937-இல் எழுதிய 'ஆஃப் மைஸ் அண்ட் மென்', அதாவது 'எலிகளும் மனிதர்களும்' என்பதுதான் அந்தக் கதை. ஸ்டைன்பெக் கலிபோர்னியாவின் சலினாஸ் என்ற ஊரில் 1902-இல் பிறந்தவர். இளம் வயதில் அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் கூலி வேலை செய்தவர். கதை நடக்கும் பண்ணை சோலடாட் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சோலடாட் என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் 'தனிமை' என்று பொருள்!

இரண்டு கூலிகள், ஒரு கனவு

ஜார்ஜ், லென்னி என்று இரண்டு பேர். இருவரும் ஊர் ஊராகப் போய் அறுவடை வேலை செய்கிறவர்கள். லென்னிக்கு யானைப் பலம், குழந்தை மனசு. அவனை ஜார்ஜ்தான் கவனித்துக்கொள்கிறான். இருவருக்கும் ஒரு கனவு உண்டு. சொந்தமாகக் கொஞ்சம் நிலம், ஒரு சின்ன வீடு, கோழி, காய்கறித் தோட்டம். லென்னிக்கு முயல் வளர்க்க வேண்டும். யாரும் "வெளியே போ" என்று சொல்ல முடியாத ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

பண்ணைக்கு வந்ததும் முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது. "இவனுக்கு நீ ஏன் பேசுகிறாய்? இவன் சம்பளத்தை நீ எடுத்துக்கொள்கிறாயா?" என்கிறார். இரண்டு கூலிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதை அவரால் நம்ப முடியவில்லை. அங்கே இருக்கிற மூத்த வேலைக்காரன் ஸ்லிம்மும் இதையேதான் சொல்கிறான். எத்தனையோ பேர் வருகிறார்கள், ஒரு மாதம் வேலை செய்கிறார்கள், தனியாகவே போகிறார்கள். சேர்ந்து வருகிறவர்களைப் பார்ப்பதே அபூர்வம் என்கிறான்.

அந்தப் பண்ணையில் எல்லோருமே தனி ஆள்தான். கேண்டி என்ற கிழவர் இயந்திரத்தில் ஒரு கையை இழந்தவர். கூட்டிப் பெருக்கும் வேலையில் அவரை வைத்திருக்கிறார்கள். அவருக்குத் துணையாக இருந்தது ஒரு கிழட்டு நாய். 'நாற்றம் அடிக்கிறது, பயனில்லை' என்று அதையும் கொண்டுபோய்ச் சுட்டுவிடுகிறார்கள். தன் கதியும் ஒருநாள் அதுதான் என்று கேண்டிக்குத் தெரியும். முதலாளி மகன் கர்லியின் மனைவிக்குக் கதையில் பெயரே கிடையாது. சினிமாவில் நடிக்க வேண்டும் என்று கனவு கண்டவள் அவள். இப்போது பேசக்கூட ஆள் இல்லாமல் பண்ணையில் அலைகிறாள். அவள் பேச வந்தாலே ஆண்கள் பயந்து ஒதுங்குகிறார்கள்.

வியாழன் மாலை தொடங்கும் கதை ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிடுகிறது. லென்னி தன் பலம் தெரியாமல் அந்தப் பெண்ணின் சாவுக்குக் காரணமாகிறான். கும்பல் துப்பாக்கியோடு தேடுகிறது. அந்தக் கும்பலின் கையில் சிக்கிச் சித்திரவதைப்பட வேண்டாம் என்று ஜார்ஜே ஆற்றங்கரையில் லென்னியைச் சுடுகிறான். சுடும்போது அந்த நிலத்தின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இந்தக் கதையைப் படித்துவிட்டுப் பலரும் சொல்வது ஒன்றுதான். "பாவம், ஏழையின் கனவு பலிக்காது. தலையெழுத்து!" இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டைன்பெக் கதைக்குள் எண்களை வைத்திருக்கிறார். அவற்றைப் பார்த்தால் தலையெழுத்து என்று சொல்லத் தோன்றாது.

அந்த நிலத்தின் விலை 600 டாலர். ஒரு கூலியின் மாதச் சம்பளம், சாப்பாடு போக, 50 டாலர். அதாவது ஓர் ஆளின் ஒரு வருடச் சம்பளம்தான் அந்த நிலத்தின் விலை. மாளிகை கேட்கவில்லை, ஆகாயத்தைக் கேட்கவில்லை. கேண்டியிடம் கையை இழந்ததற்குக் கிடைத்த 250 டாலர் இருக்கிறது. சேமிப்பு 50. மாதக் கடைசியில் வரப்போவது இன்னொரு 50. ஜார்ஜும் லென்னியும் ஒரு மாதம் வேலை செய்தால் 100. ஆக 450. மீதியைப் பிறகு உழைத்து அடைத்துவிடலாம் என்கிறான் ஜார்ஜ்.

அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு மாதம்! ஒரு மாதம் நிம்மதியாக வேலை செய்ய முடிந்திருந்தால் போதும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு யார் உத்தரவாதம்? முதலாளி மகன் சண்டைக்கு இழுக்கிறான். எதிர்த்தால் வேலை போய்விடும் என்ற பயம் முதல் நாளிலிருந்தே ஜார்ஜின் வயிற்றில் இருக்கிறது.

கேண்டியின் கணக்கையும் பாருங்கள். ஒரு கையின் விலை ஐந்து மாதச் சம்பளம். வேலை செய்ய முடியாமல் போனால் அரசாங்கம் ஏதாவது தருமா? அமெரிக்காவில் முதியோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-இல் வந்தது. பண்ணைத் தொழிலாளர்களை அதில் சேர்க்கவில்லை. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் சட்டமும் அதே 1935-இல் வந்தது. அதிலும் பண்ணைத் தொழிலாளர்களை விட்டுவிட்டார்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1938-இல் வந்தது. அதிலும் அவர்களுக்கு இடமில்லை. மூன்று சட்டங்கள், மூன்றிலும் ஒரே கதவடைப்பு. முதியோர் பாதுகாப்பு 1950-களில்தான் அவர்களை எட்டிப் பார்த்தது. குறைந்தபட்சச் சம்பளம் 1966-க்குப் பிறகுதான், அதுவும் எல்லோருக்கும் அல்ல.

கேண்டியின் பயத்தை மனநோய் என்று சொல்ல முடியுமா? அவர் சட்டத்தைப் படிக்காமலேயே சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்!

லாயத்து மனிதனின் அலமாரி

இப்போது என் மகளின் கேள்விக்கு வருகிறேன். அந்த லாயத்தில் வேலை செய்கிறவரின் பெயர் குரூக்ஸ். கறுப்பினத்தவர். குதிரை உதைத்து முதுகு வளைந்துபோனவர். வெள்ளைத் தொழிலாளிகள் படுக்கும் கூடத்திற்குள் அவருக்கு அனுமதி இல்லை. லாயத்தோடு ஒட்டிய ஓர் அறையில் தனியாக இருக்கிறார். அங்கே அவருக்குச் சில புத்தகங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று, கிழிந்து நைந்த 1905-ஆம் ஆண்டின் கலிபோர்னியா சிவில் சட்டத் தொகுப்பு.

(நம் லயத்திற்கும் அந்த லாயத்திற்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்று எனக்கு அப்போது தோன்றியது.)

குரூக்ஸ் தன் உரிமை தெரிந்தவர். தன் அறைக்குள் அனுமதி இல்லாமல் வரக் கூடாது என்று வெள்ளைக்காரனிடமே சொல்லக்கூடியவர். ஆனால் பேச ஒருவரும் இல்லாமல் மனிதனுக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்று லென்னியிடம் மனம்விட்டுச் சொல்கிறவரும் அவர்தான். நிலம் வாங்கும் கனவோடு வந்த நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்துச் சிரித்த மனிதர், கேண்டியிடம் பணம் இருப்பதைக் கேட்டதும், "என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிடுகிறார். சில நிமிடம்தான் அந்த ஆசை. கர்லியின் மனைவி வந்து, "நான் ஒரு வார்த்தை சொன்னால் உன்னை மரத்தில் தொங்கவிடுவார்கள்" என்று மிரட்டுகிறாள். அந்த இடத்திலேயே அவர் சுருங்கிப்போகிறார். பிறகு கேண்டியைக் கூப்பிட்டு, நான் சொன்னதை மறந்துவிடுங்கள், விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார்.

அலமாரியில் சட்டப் புத்தகம் இருக்கிறது. ஒரு பிரிவுகூட அவருக்குத் துணைக்கு வரவில்லை.

வழக்கறிஞன் என்பதால் எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த 1905-ஆம் ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? கலிபோர்னியா சிவில் சட்டத் தொகுப்பின் 60-ஆவது பிரிவு, வெள்ளையர் கறுப்பினத்தவரை மணப்பது செல்லாது என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவில் 1905-இல் 'மங்கோலியர்' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். சீனர், ஜப்பானியரைத் தடுக்க! ஸ்டைன்பெக் இதை மனதில் வைத்து எழுதினாரா என்பது இருக்கட்டும். குரூக்ஸ் தனிமையில் புரட்டிய புத்தகத்திலேயே அவருடைய தனிமையில் ஒரு பங்கு அச்சடிக்கப்பட்டிருந்தது என்பது உண்மை.

கதை அதோடு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் கலிபோர்னியா வயல்களில் ஆயிரக்கணக்கான பிலிப்பினோ இளைஞர்கள் வேலை செய்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் மிகக் குறைவு. வெள்ளைப் பெண்களோடு நடனமாடினார்கள் என்பதற்காக 1930 ஜனவரியில் சலினாஸுக்கு அருகிலுள்ள வாட்சன்வில்லில் கும்பல் அவர்களைத் தாக்கியது. ஃபெர்மின் தொபெரா என்ற தொழிலாளி தங்கியிருந்த இடத்திலேயே சுடப்பட்டு இறந்தார். சல்வடோர் ரோல்டான் என்ற பிலிப்பினோ ஓர் ஆங்கிலேயப் பெண்ணை மணக்க வழக்குப் போட்டார். பிலிப்பினோக்கள் 'மங்கோலியர்' பட்டியலில் வரமாட்டார்கள் என்று 1933-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் ஜெயித்தார்! ஜெயித்து என்ன? அதே 1933-இல் சட்டமன்றம் 60-ஆவது பிரிவில் இன்னொரு சொல்லைச் சேர்த்துவிட்டது. அந்தச் சொல் என்ன தெரியுமா? 'மலாய் இனத்தவர்'! அந்நாளைய ஐரோப்பிய இனப் பிரிவின்படி பிலிப்பினோக்களை அந்தப் பெயரில் அடைத்தார்கள். மலேசியாவில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இனப்பட்டியல் எழுதும் பேனாவுக்கு நிரந்தர நண்பன் என்று யாரும் கிடையாது. இன்று ஒரு பெயர், நாளை இன்னொரு பெயர்.

அந்த இளைஞர்கள் வயலிலேயே கிழவர்களானார்கள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அவர்களுடைய வாழ்க்கையைக் கார்லோஸ் புலோசான் என்ற பிலிப்பினோ எழுத்தாளர் 1946-இல் 'அமெரிக்கா இஸ் இன் தி ஹார்ட்' என்ற நூலில் எழுதினார். அவரும் அந்த வயல்களில் அலைந்தவர்தான். ஸ்டைன்பெக் வெளியிலிருந்து பார்த்து எழுதிய வேதனையைப் புலோசான் உள்ளேயிருந்து எழுதினார். தனிமை என்பது இரவில் வரும் ஓர் உணர்ச்சி மட்டும் இல்லை. அதைச் சட்டமன்றத்தில் கை தூக்கி நிறைவேற்றுகிறார்கள்!

அந்த 60-ஆவது பிரிவு எப்போது ஒழிந்தது? ஆண்ட்ரியா பெரெஸ், சில்வெஸ்டர் டேவிஸ் என்ற இருவர் திருமண அனுமதி கேட்டுப் போட்ட வழக்கில், 1948 அக்டோபர் 1-ஆம் தேதி கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். ஒரே ஓர் ஓட்டு வித்தியாசம்.

ஸ்டைன்பெக் சொல்லாமல் விட்டது

எனக்கு இந்தக் கதையின் மேல் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை.

இந்தக் கதையில் எல்லோரும் தோற்கிறார்கள். கனவு கண்டவன் எல்லாம் அழிகிறான். ஒரு தொழிலாளியின் பிள்ளை இதை மட்டும் படித்தால், 'சேர்ந்து நின்றாலும் பயனில்லை போலிருக்கிறது' என்றுதான் நினைக்கும். ஸ்டைன்பெக்குக்குப் போராட்டம் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1936-இல் வேலைநிறுத்தத்தைப் பற்றியே ஒரு நாவல் எழுதினார். அதே வருடம் ஒரு பத்திரிகைக்காக இடம்பெயர்ந்த தொழிலாளர்களின் முகாம்களுக்குப் போய்த் தொடர் கட்டுரைகள் எழுதினார். சீனர், ஜப்பானியர், மெக்சிகோக்காரர், பிலிப்பினோ என்று முதலாளிகள் மாற்றி மாற்றி ஆட்களை இறக்கியதை அதில் விவரித்தார். 1939-இல் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' எழுதினார். பண்ணை முதலாளிகளுக்கு எவ்வளவு கோபம் என்றால், கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் அரசு நூலகங்களிலும் பள்ளிகளிலும் அந்த நாவலைத் தடை செய்தார்கள்.

அதே கெர்ன் மாவட்டத்தில்தான் டெலானோ என்ற ஊர் இருக்கிறது. 1965 செப்டம்பர் 8-ஆம் தேதி அங்கே திராட்சைத் தோட்டத்துப் பிலிப்பினோத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தலைமை தாங்கியவர் லாரி இட்லியோங். இத்தனை காலமும் முதலாளிகளிடம் ஒரு தந்திரம் இருந்தது. பிலிப்பினோ வேலை நிறுத்தினால் மெக்சிகோக்காரனை இறக்குவது, மெக்சிகோக்காரன் நிறுத்தினால் பிலிப்பினோவை இறக்குவது. இந்த முறை அது பலிக்கவில்லை. சீசர் சாவேஸ், டொலரெஸ் ஹுவெர்ட்டா வழிநடத்திய மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் சில நாட்களிலேயே சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வருடம் இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. நாடு முழுக்க மக்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள். ஐந்து வருடம் நீடித்த அந்தப் போராட்டம் 1970-இல் முதலாளிகளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது. 1935-இல் மூடிய கதவு, கலிபோர்னியாவில் 1975-இல் பண்ணைத் தொழிலாளர் உறவுச் சட்டமாகத் திறந்தது. நாற்பது வருடம்!

கல்யாணம் ஆகாமலே கிழவர்களாகிப்போன அந்தப் பிலிப்பினோத் தொழிலாளர்களுக்காகத் தொண்டர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து டெலானோவில் ஒரு குடியிருப்பைக் கட்டினார்கள். 1974-இல் திறக்கப்பட்ட அதற்கு அக்பாயானி கிராமம் என்று பெயர். மறியலில் நின்றபோது மாரடைப்பால் இறந்த ஒரு தொழிலாளியின் பெயர் அது. ஜார்ஜ், லென்னி, கேண்டி, குரூக்ஸ் கனவு கண்டார்களே, யாரும் விரட்ட முடியாத வீடு... அதை ஒருவர் தனியாக வாங்கவில்லை, பலர் சேர்ந்து கட்டினார்கள். காலம் கடந்துதான் கிடைத்தது, உண்மை. வாலிபத்தை எந்தச் சங்கத்தாலும் திருப்பித் தர முடியாது. ஆனாலும் கிடைத்தது.

ஒவ்வொருவராகக் கூப்பிடு

நான் வேலைக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிலாங்கூரில் ஒரு தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்காக விற்கப்பட்டது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். நாற்பது குடும்பங்களுக்கு மேல் இருந்தன. 1980-ஆம் ஆண்டின் வேலைநீக்க நன்மை விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் தர வேண்டும். முப்பது வருடம் மரம் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். ஆனால் அங்கே பலர் அதைவிடக் குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார்கள்.

பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "ஏன் ஐயா, யாரையும் கேட்காம கையெழுத்துப் போட்டீங்க?"

"உள்ள தனியாத்தான் தம்பி கூப்பிட்டாங்க. மத்தவங்க எல்லாம் போட்டாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கின்னு சொன்னாங்க."

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லோரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். முதலில் உள்ளே போனவரிடமும், "மற்றவர்கள் எல்லோரும் போட்டாகிவிட்டது" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்!

ஒரே லயத்தில் பிறந்து, ஒரே கோவிலில் தீ மிதித்து, ஒரே பெரட்டில் நின்றவர்கள். ஓர் அலுவலகக் கதவு அவர்களை அரை மணி நேரத்தில் நாற்பது தனி ஆட்களாக்கிவிட்டது. குரூக்ஸ் சுருங்கிப்போனதை இப்போது படிக்கும்போது எனக்கு அந்தப் பெரியவரின் முகம்தான் வருகிறது.

நமக்குச் சேர்ந்து நிற்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். துப்பாக்கியால் அதை அடக்கினார்கள், உயிர்கள் போயின. ஆனால் அவர்கள் தனித்தனியாக அலுவலகத்துக்குள் போகவில்லை.

இன்று அந்த லயத்தில் யார்?

இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை.

நாம் விட்டு வந்த தோட்டங்களில், செம்பனைக் காடுகளில், இன்று வேலை செய்கிறவர் யார்? இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தற்காலிக வேலை அனுமதியின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. இந்த நாட்டில் இருக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அனுமதி அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளியை எதிர்த்தால் வேலையும் போகும், இருக்கும் உரிமையும் போகும். கலிபோர்னியாவின் 60-ஆவது பிரிவு 1948-இல் செத்துவிட்டது என்று சொன்னேனே... அதன் தம்பி நம் பக்கத்து லயத்தில் குடியிருக்கிறான்!

நம்மில் பலர் "இவர்களால்தான் நம் சம்பளம் ஏறவில்லை" என்கிறோம். அந்த வலி எனக்குப் புரியும். என் உறவினர்களே அப்படி வேலை இழந்தவர்கள். ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். சம்பளத்தை நிர்ணயிப்பது யார்? அந்த வங்காளதேசத்துப் பையனா? 2013 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் தோட்டத்தில் வேலை செய்யும் அவனுக்கும் பொருந்தும். 2019 ஜனவரி முதல் அவனுக்கும் சொக்சோ உண்டு. அவனுக்குச் சட்டப்படி கொடுக்காமல் ஏமாற்ற முடிகிற வரையில்தான், "உன்னைவிட மலிவாக ஆள் இருக்கிறது" என்று நம்மை மிரட்ட முடியும். அவனுடைய உரிமையைக் காப்பது தர்மம் மட்டும் இல்லை, நம் வயிற்றுப் பாடும்கூட. டெலானோவில் பிலிப்பினோவும் மெக்சிகோக்காரரும் இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் காற்று திசை மாறியது.

குரூக்ஸின் அறைக்கு வாசலாவது இருந்தது. லென்னியும் கேண்டியும் அதற்குள் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பையனின் அறைக்குள் நம்மில் யாராவது போய் உட்கார்ந்திருக்கிறோமா?

நாம் செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதுவும் சொல்லப்போவதில்லை. மூன்று காரியங்கள் போதும்.

முதலாவது, எந்தக் கடிதத்திலும் தனியாக உட்கார்ந்து கையெழுத்துப் போடாதீர்கள். வேலைநீக்கக் கடிதமோ, வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸோ, "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி வாங்கி வாருங்கள். அண்டை வீட்டாரிடம் காட்டுங்கள். பிறகு தொழிலாளர் இலாகாவுக்கோ, சங்கத்துக்கோ, தெரிந்த வழக்கறிஞரிடமோ சேர்ந்து போங்கள்.

இரண்டாவது, வீட்டில் இருக்கும் கேண்டிகளைக் கவனியுங்கள். தோட்டத்திலிருந்து பெயர்த்து அடுக்குமாடியில் கொண்டுவந்து வைத்த நம் தாத்தா, பாட்டிகளுக்குப் பேச ஆள் இல்லை. அவர்களிடம் பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, பிறப்புப் பத்திரம் எல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைக் கேட்கிற சாக்கில் அவர்களுடைய கதையையும் கேளுங்கள். அதை எழுதி வையுங்கள். புலோசான் எழுதியதால்தான் அந்தக் கிழவர்களின் வாழ்க்கை உலகத்துக்குத் தெரிந்தது.

மூன்றாவது, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் கதையை நீங்களும் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன? "என்ன கதைம்மா, சொல்லு" என்று கேளுங்கள். தோட்டத்தில் வேலை செய்த அப்பா, பண்ணையில் வேலை செய்தவனின் கதையைப் பற்றிச் சொல்லக்கூடியதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாது.

மறுநாள் காலை மகளுக்குப் பதில் சொன்னேன். "அந்த மனுஷருக்குச் சட்டப் புத்தகம் தேவைதாம்மா. ஆனா அவர் அதைத் தனியா வச்சுப் படிச்சார். அந்தப் பண்ணையில இருந்த எல்லாரும் அந்த ரூம்ல உட்கார்ந்து சேர்ந்து படிச்சிருந்தா, அதுல எந்தப் பிரிவு தப்புன்னும் தெரிஞ்சிருக்கும், அதை மாத்த வழியும் தெரிஞ்சிருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதைப் பரீட்சையில எழுதினா மார்க் போடுவாங்களா?" என்று கேட்டாள்.

தெரியாது. ஆனால் வாழ்க்கையில் நமக்கு இந்தப் பரீட்சை அடிக்கடி வருகிறது. அடுத்த முறை அலுவலகத்திலிருந்து, "ஒவ்வொருவராக உள்ளே வாருங்கள்" என்று கூப்பிட்டால், நாற்பது பேரும் சேர்ந்தே எழுந்து நிற்போம்.